வந்தவர் எழுதிய ஸ்வரங்கள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரு நாட்டியக் குழுவுக்கு மிருதங்கம் வாசிக்கும் பொருட்டு இஸ்தான்புல் நகரம் சென்று எட்டு நாள் தங்கி வந்தேன். அந்த அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கத்துச் செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ஹௌராவில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் தள்ளும் குமாஸ்தா. வெளிநாடு செல்லத் தடையில்லை என்று மேலதிகாரியிடம் சான்று பெறுவதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. அரண்மனைகளின் அழகையும் அருங்காட்சியகங்களின் செல்வத்தையும் வருணிக்கத் தக்கவர்கள் வேறு பலர் உண்டு. மத்தளக்காரனுக்குக் கண்ணைவிடக் காது முந்தும். ஆகவே காதில் விழுந்ததையே பெரிதும் எழுதுகிறேன்.

எமினோனு என்பது அந்நகரத்தின் பழைய படகுத்துறை. முதல் நாள் மாலை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நீராவிக் காலத்து வழக்கம் மாறாமல் படகுகள் ஊதுகின்றன. டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளக்கிறது. எள் தூவிய வளைய ரொட்டியைக் கண்ணாடி வண்டியில் அடுக்கி ஒருவன் கூவுகிறான். மீன் சுட்டு ரொட்டியில் வைத்துத் தருபவன் அவனைவிட உரக்கக் கூவுகிறான். தலைக்குமேல் கடற்காகங்கள் குழந்தைகளைப் போல் அழுகின்றன. காலடியில் பூனைகள். வழிவிடுவார் ஒருவருமில்லை, ஆனால் ஒருவர் மீதும் ஒருவர் மோதவுமில்லை. எங்கள் குழுவில் வந்த பாடகி காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஹௌரா நினைவுதான் வந்தது. நாள்தோறும் ஆர்மீனியன் துறையில் படகேறி ஹூக்ளியைக் கடந்து அலுவலகம் செல்பவனுக்கு, படகுத்துறையின் ஆரவாரம் அந்நியமானதன்று.

இரண்டு நகரங்களுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. ஹௌராவில் 1874ஆம் ஆண்டு முதல் மிதவைப் பாலம் ஒன்று இருந்ததையும், இன்றைய பாலம் 1943இல் வந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். எமினோனுவையும் காலாத்தாவையும் இணைக்கும் பாலமும் நெடுங்காலம் மிதவைப் பாலமாகவே இருந்தது. 1912இல் அமைத்த பாலம் 1992இல் தீக்கிரையான பிறகு, இப்போதுள்ள பாலம் 1994இல் நிறைவு பெற்றது. அதன் இரு ஓரங்களிலும் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் சேர நிற்கிறார்கள். அவர்கள் பின்னால் டிராம் ஓடுகிறது. கீழே உணவு விடுதிகள். அதற்கும் கீழே படகுகள். ஒரே பாலத்தில் நான்கு காலங்கள் ஒன்றாக நடப்பதுபோல் தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசல்களிலிருந்து தொழுகை அழைப்பு எழுந்தது. ஒன்று தொடங்க, இன்னொன்று சற்றுப் பின்தங்கித் தொடர, மேட்டிலிருந்து மூன்றாவது சேர்ந்தது. அங்கே அதுவும் ஒரு சங்கீத மரபு. வைகறை அழைப்புக்கு ஒரு மகாம், அந்தி அழைப்புக்கு வேறொரு மகாம் என்று வகுத்திருக்கிறார்கள். மகாம் என்பது நம் ராகத்துக்கு நெருங்கிய உறவுடையது. கோயிலில் காலையில் பூபாளமும் இரவில் நீலாம்பரியும் நாகஸ்வரத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விடியற்காலையில் சபா என்னும் மகாமில் எழுந்த குரலை விடுதியின் மாடியில் நின்று கேட்டேன். பொருள் தெரியாத மொழி. ஆயினும் பொழுது எது என்று குரலே சொல்லிற்று.

கி.பி. 330இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் தலைநகராக்கிய ஊர் அது. 1453இல் உதுமானியர் கைப்பற்றினர். அயா சோபியா என்னும் மாபெரும் கட்டடம் 537இல் தேவாலயமாக எழுந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1935இல் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஒரே கூரையின் கீழ் இத்தனை மாறுதல்கள். நான் சென்ற மாதத்தில் குடியரசு அமைந்து நூறாண்டு நிறைவதை ஒட்டித் தெருவெங்கும் செந்நிறக் கொடிகள் தொங்கின.

ரயில்வேக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நிலையத்தைத்தான் பார்ப்பான். ஐரோப்பாக் கரையில் சிர்கெஜி நிலையம் 1890இல் கட்டியது. பாரிஸிலிருந்து வந்த புகழ்பெற்ற ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற இடம் அதுவே. ஆசியாக் கரையில் ஹைதர்பாஷா நிலையம், மூன்று பக்கமும் நீர் சூழ, மரத்தூண்களை அடித்து எழுப்பிய அடித்தளத்தின்மேல் கோட்டைபோல் நிற்கிறது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் இருவரின் கைவண்ணம் அது. 2010இல் அதன் கூரை தீப்பற்றி எரிந்தது; 2013இல் ரயில் போக்குவரத்தும் நின்றது. நான் பார்த்தபோது ரயில் இல்லாத அந்த நிலையம், கச்சேரி முடிந்த பந்தலைப் போல் இருந்தது. அதே 2013ஆம் ஆண்டில்தான் கடலடியில் இரு கண்டங்களை இணைக்கும் மர்மராய் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காக யெனிகாப்பி என்னும் இடத்தில் தோண்டியபோது, மண்ணுக்கடியில் பழைய துறைமுகம் ஒன்றும் 37 கப்பல்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றைப் பத்திரமாக எடுக்கும்வரை ரயில் வேலை ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாம். கால அட்டவணையோடு மாரடிப்பவன் நான். பழைய கப்பல்களுக்காக ஒரு ரயில் தாமதமானதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

இனி வந்த வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் என் மிருதங்கத்தின் வலந்தலை சுருதி இறங்கிவிட்டது. இடந்தலைக்கு அப்புவதற்கு நான் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்ற ரவையோ வழியில் கொட்டிப்போயிற்று. நிகழ்ச்சிக்கு நான்கு மணி நேரமே இருந்தது. மளிகைக்கடை ஒன்றில் கைச்சாடையால் கேட்க, கடைக்காரர் கோதுமை மாவு, அரிசி மாவு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் இர்மிக் என்று ஒரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் நம் ரவையேதான். அவர்கள் அதில் அல்வா கிண்டுகிறார்கள். அதை நீர்விட்டுப் பிசைந்து தொப்பியில் அப்பியதும் குமுக்கு எழுந்தது. அன்றிரவு வர்ணத்துக்கு அந்தத் துருக்கி ரவைதான் துணை நின்றது.

நிகழ்ச்சி முடிந்ததும் முதியவர் ஒருவர் மேடைக்குப் பின்புறம் வந்தார். கல்லூரி மாணவன் ஒருவன் அவருக்காக மொழிபெயர்த்தான். முதியவர் குதூம் வாசிப்பவர். குதூம் என்பது செம்பினாலான சிறு முரசுகள் இரண்டு சேர்ந்தது. மெவ்லெவி துறவிகள் சுழன்று ஆடும் வழிபாட்டில் ஒலிப்பது. மறுநாள் காலாத்தா மேட்டிலுள்ள மெவ்லெவி மடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். 1491இல் தோன்றிய அம்மடம், 1925இல் துறவி மடங்கள் யாவும் சட்டத்தால் மூடப்பட்டபோது மூடுண்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கேயுள்ள வாத்தியங்களைக் காட்டிவிட்டு, வெளியே மரத்தடியில் அமர்ந்து, இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வரவழைத்தார். அவரை எல்லோரும் ஹோஜா என்று அழைத்தார்கள். ஆசிரியர் என்று பொருள். நானும் அவ்வாறே அழைத்தேன்.

“உங்கள் நாட்டில் எப்படிக் கற்றுத் தருகிறீர்கள்?” என்று ஹோஜா கேட்டார். குருவின் முன் அமர்ந்து, அவர் வாயால் சொல்லும் சொற்கட்டைத் திருப்பிச் சொல்லி, பிறகே கருவியில் கை வைப்போம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் மரபில் இதற்கு மெஷ்க் என்று பெயராம். மாணவன் தன் இரு முழங்கால்களையும் கைகளால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே பாடம் செய்யவேண்டும். தும், தெக் என்று சொற்களும் உண்டு. ஒன்பது எண்ணிக்கை கொண்ட அக்சாக் என்னும் தாளத்தை அவர் முழங்காலில் தட்டிக் காட்டினார். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. நான் தகதிமி தகதகிட என்று சொன்னேன். சங்கீர்ண நடையின் அந்த ஒன்பது எழுத்துகளும் அவருடைய தட்டுகளின்மேல் பிசகின்றி அமர்ந்தன. மொழிபெயர்த்த மாணவன் வாய் மூடிக்கொண்டான். சற்று நேரத்துக்கு எங்களுக்கு அவன் தேவைப்படவில்லை.

பின்னர் நான் ஒரு கேள்வி கேட்டேன். எல்லாம் வாய்வழியாகவே வந்ததென்றால், முந்நூறு, நானூறு ஆண்டுக்கு முந்தைய பாடல்கள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன? அவர் சொன்ன விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் மூன்று பெயர்களைச் சொன்னார்.

முதலாமவர் அலி உஃப்கி. பிறப்பால் போலந்து நாட்டவர். வோய்ச்சியெக் போபோவ்ஸ்கி என்பது இயற்பெயர். தாத்தாரியர் பிடித்துவந்து அடிமையாக விற்ற இளைஞர். சுல்தானின் அரண்மனையில் சந்தூர் வாசித்தார். 1650ஆம் ஆண்டளவில் அங்கே ஒலித்த பாடல்களையும் வாத்திய இசையையும் ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் எழுதிவைத்தார். துருக்கிச் சொற்கள் அக்காலத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டமையால், ஸ்வரங்களையும் வலமிருந்து இடமாகவே எழுதினார். இரண்டாமவர் திமித்ரி கான்தெமிர். மால்டேவிய நாட்டு இளவரசர். தம் நாட்டின் பணிவுக்குப் பிணையாக இஸ்தான்புல்லில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தவர். தன்பூர் வாசிப்பில் தேர்ந்து, 1700ஆம் ஆண்டை ஒட்டி, அரபு எழுத்துகளைக் கொண்டே ஒரு குறியீடு வகுத்து ஏறத்தாழ 350 உருப்படிகளைப் பதிவு செய்தார்.

மூன்றாமவர் ஹம்பர்ட்சூம் லிமோன்ஜியான். 1768இல் பிறந்து 1839இல் மறைந்த ஆர்மீனியர். தேவாலயப் பாடகர். தம் மக்களின் பழைய தேவாலயக் குறிகளை அடியொற்றி, கற்பதற்கு எளிய புதிய குறியீடு ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். தேவாலயப் பாடலுக்கு மட்டுமின்றி உதுமானிய சங்கீதத்துக்கும் அது பயன்பட்டது. எத்தனையோ உருப்படிகள் அந்தக் குறியீட்டுச் சுவடிகளால் உயிர் பிழைத்தன. அவருடைய மதம் வேறு, தாய்மொழி வேறு. இஸ்லாமியத் துறவிகளின் இசையையும் அரண்மனை இசையையும் காக்கும் பேழை அவர் கையால் உருவாயிற்று.

“பிடித்துவந்த அடிமை, பிணையாக வந்த இளவரசன், ஆர்மீனியப் பாடகன். எங்கள் இசையை இவர்கள் எழுதிவைத்தார்கள். எங்களவர்களுக்கு அது மனப்பாடம், எழுதவேண்டிய அவசியம் தோன்றவில்லை” என்றார் ஹோஜா. அவருடைய பாட்டனாரும் வந்தவரே. 1923இல் கிரேக்க நாடும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது சலோனிக்காவிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தவராம்.

ஆர்மீனியன் துறையில் படகேறும் எனக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மக்கள் வணிகர்கள் என்ற அளவில்தான் செய்தி. நம் கொல்கத்தாவில் 1724இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதே மக்களில் ஒருவர் வேறொரு படகுத்துறை நகரத்தில் இப்படி ஒரு தொண்டு செய்திருக்கிறார் என்பதை அறிய நான் இஸ்தான்புல் செல்லவேண்டியிருந்தது.

அந்நகரம் தன் பிறமொழி மக்களுக்கு என்ன கைம்மாறு செய்தது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. கோமிதாஸ் என்னும் ஆர்மீனியப் பாதிரியார் நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகச் சென்று திரட்டியவர். இஸ்தான்புல்லில் 300 பேர் கொண்ட பாடகர் குழுவை நடத்தியவர். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஆர்மீனிய அறிஞர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டபோது அவரும் ஒருவர். அவர் உயிரோடு திரும்பினார். ஆனால் மனம் சிதைந்து, 1935இல் பாரிஸில் இறந்தார். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 6, 7ஆம் நாட்களில் கும்பல்கள் கிரேக்கர்களின் கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் சூறையாடின. ஆர்மீனியர்களும் யூதர்களும் தப்பவில்லை. அதன் பின்னர் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டே போனார்கள். நான் இசைக்கருவிக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்த அதே தெருக்களில் நடந்தவை இவை. பிழைக்க வந்த ஊரில் வாழ்வோர் இதைப் படித்துவிட்டு எளிதில் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டார்கள்.

தம் மக்கள் இசையையே ஒதுக்கிய காலமும் அங்கே உண்டு. 1934இல் பழைய மரபு இசையை வானொலியில் ஒலிபரப்பக் கூடாதென்று தடை வந்து, ஏறத்தாழ இருபது மாதம் நீடித்தது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1828இல், சுல்தான் தம் அரண்மனை வாத்தியக் குழுவைப் புதுமுறையில் பழக்க இத்தாலியரான ஜுசெப்பே டோனிசெட்டியை வரவழைத்திருந்தார். அரசு எதை விரும்பினாலும் வெறுத்தாலும், ஏட்டில் ஏறியவை ஏட்டில் இருந்தன. காலம் மாறியபோது அவற்றைப் பிரித்து வாசிக்க முடிந்தது.

இதையெல்லாம் சங்கத்து இதழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கத்தின் சனிக்கிழமை மிருதங்க வகுப்பை ஆறு ஆண்டுகளாக நான் நடத்திவருகிறேன். ஒரு காலத்தில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்; இப்போது நான்கு பேர். சில மாதங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் வாழும் வங்காளிப் பெண் குழந்தை ஒருத்தி, பதினொரு வயதினள், வகுப்பில் சேரவேண்டும் என்று தாயோடு வந்து நின்றாள். செயற்குழுவில் இது பேச்சுக்கு வந்தபோது, மூத்த உறுப்பினர் சிலர் தயங்கினார்கள். அவர்கள் தயக்கத்தை நான் எள்ளி நகையாடவில்லை. “நம் பிள்ளைகள் வாரம் ஒருமுறையேனும் தமிழ் பேசிக் கேட்பது இந்த வகுப்பில்தான். வெளியார் வந்தால் வகுப்பு வங்காளிக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடும். பிறகு சங்கம் எதற்கு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நாற்பது ஆண்டு இந்தச் சங்கத்தின் நாற்காலிகளைத் தம் கையால் எடுத்துப்போட்டவர் அவர். கேள்வி நியாயமானது.

என் மனத்தில் பட்ட விடையைப் பணிவோடு வைக்கிறேன். நம் பிள்ளைகள் வகுப்பைவிட்டுப் போனது எந்த வங்காளிப் பிள்ளையாலும் அன்று; தேர்வாலும் தனிப் பயிற்சியாலும் கைப்பேசியாலும் போனார்கள். இருக்கின்ற நால்வரும் ஐந்தாமவள் வந்தால் தமிழை மறக்கப் போவதில்லை. மாறாக, அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவேனும் நால்வரும் வாய்திறந்து தமிழ் பேசுவார்கள். வகுப்பின் மொழி தமிழாகவே இருக்கட்டும். அப்பெண்ணின் தாயும் அதற்கு இசைந்துவிட்டார். “அவள் உங்கள் மொழியையும் கற்கட்டும் தாதா, நல்லதுதானே” என்பது அவர் சொன்ன சொல்.

ஒன்று மட்டும் வேறாகும். பாடத்தை அவள் தன் எழுத்தில் எழுதிக்கொள்வாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் சோதனையாகச் சில ஜதிகளைச் சொன்னேன். வங்காள எழுத்தில் விறுவிறென்று எழுதினாள். வாங்கி எனக்குத் தெரிந்த வரையில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தமிழில் தகரம் ஒன்றே வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் நிற்கிறது. வாயால் சொல்லும்போதுதான் வேறுபாடு தெரியும். அவளோ ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து இட்டிருந்தாள். நான் எழுதத் தேவையில்லை என்று விட்டிருந்ததை அவள் எழுத நேர்ந்தது. கேட்டுப் பழகாதவள் ஆதலால், கேட்டதை எல்லாம் எழுதினாள். ஹோஜா சொன்ன சொல் அப்போது எனக்கு விளங்கிற்று.

என் குருநாதர் தஞ்சை ஜில்லாவில் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து மறைந்தவர். அவர் கைவசம் இருந்த மோராக்களும் கோர்வைகளும் பலவற்றை எந்த நோட்டிலும் நான் பார்த்ததில்லை. அவரிடம் கற்ற எங்கள் நால்வர் நாவில் இருக்கின்றன. நால்வரில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்ற இருவர் வாசிப்பை விட்டுவிட்டுக் கடை நடத்துகிறார்கள். அவற்றை எழுதிவைப்பவர் யாராக இருந்தாலும் என் குருநாதருக்கு உறவினரே. அவர் எந்த எழுத்தில் எழுதினார் என்று தாளம் கேட்கப்போவதில்லை. ஒன்பது எழுத்து ஒன்பதாக வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. உறுப்பினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிப்பார்கள். முடிவு எதுவாயினும் தலைவணங்குவேன். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்குமாறு, முக்கியமாக அன்று கேள்வி கேட்ட பெரியவரை, வேண்டிக்கொள்கிறேன். இம்மாதம் சங்கீர்ண நடை நடக்கிறது. பிள்ளைகள் இப்போது முழங்காலில் தட்டித்தான் பாடம் செய்கிறார்கள்.